ஈரம் போன மெத்தை

ஒஸ்லோவின் ஓரத்தில், ஹொல்ம்லியாவின் இறக்கத்தில் நான் நடந்துகொண்டிருந்தேன். அவனுடைய கார் எனக்குப் பக்கத்திலேயே, என் நடையின் வேகத்தில், ஊர்ந்து வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, உடம்பைச் சரித்து, பக்கத்து சீட்டுக்கு மேலால் தலையை நீட்டிக் கதைத்தான்.

"ஏறு மச்சான். ஸ்டேசன்ல விடுறன்."

நான் திரும்பவில்லை.

"இந்தக் குளிருக்க பையத் தூக்கிக்கிட்டு நடக்கிறாய். ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்."

"சரி, நீ ஏறாட்டி விடு. பையையாவது போடு. நான் ஸ்டேசன்ல கொண்டுவந்து தாறன்."

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. ஆளை வெளியே விட்டுவிட்டுப் பையை மட்டும் காரில் ஏற்றுகிறானாம். பையில் என்ன இருந்தது? இரண்டு காற்சட்டை, மீன் தொழிற்சாலைக் கம்பளிச் சட்டை, ஒரு சவரப் பெட்டி, ஒரு போர்வை. அதற்குக் குளிராது.

பின்னால் ஒரு பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. அவன் பஸ் ஓட்டுகிறவன். கார்க்காரன் ஒருவன் வழியை மறித்துக்கொண்டு கதை பேசினால் பஸ்காரனுக்கு எப்படி எரியும் என்று அவனே என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். அதனால் வேகமாகப் போய் அடுத்த பஸ் தரிப்பிடத்துக்கு அப்பால் காரை நிறுத்தி, இறங்கி, கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நான் அதுவரை போகவில்லை. மரங்களுக்கு நடுவே நடைபாதை ஒன்று பிரிந்து கீழே ரயில் நிலையத்துக்குப் போகும். அதில் கார் வராது. நான் அதில் இறங்கிவிட்டேன். பின்னேரம்தான், ஆனாலும் நவம்பர் மாதத்து ஒஸ்லோவில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். மேலே இருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

அவன் எனக்கு உறவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் அவன் ஊர், இந்தப் பக்கம் என்னுடையது. அங்கே நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. நோர்வேயின் வடக்கு ஓரத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில்தான் சந்தித்தோம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, கட்டாரில் கட்டட வேலை, இத்தாலியில் தோட்ட வேலை என்று கால் போன திக்கில் போய், கடைசியில் அங்கே வந்து சேர்ந்திருந்தேன். ஓர் இடத்தில் நிலைத்து நிற்கிற குணம் எனக்கு இல்லை. அவனுக்கு அது இருந்தது. அவன் அங்கேயே நொஸ்க் என்கிற நோர்வே மொழி வகுப்புக்குப் போனான், சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தான், காசைச் சேர்த்தான்.

ஒரே அறையில் மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலுமாக நாங்கள் பல குளிர்காலங்கள் கிடந்தோம். ஒரு வருடம் அவன் ஐஸில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். கட்டு அவிழ்க்கும் வரை அவனுக்குச் சோறு குழைத்துக் கொடுத்தது, சப்பாத்து நாடா கட்டியது, சட்டை மாற்றிவிட்டது எல்லாம் நான்தான். இதை இங்கே எழுதுவது கணக்குக் காட்டுவதற்காக அல்ல. அந்த நாட்களில் ஒருமுறை, நான் அவனுக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தபோது, கன்னத்தில் சோப்பு நுரையோடு அவன் சொன்னான்: "எனக்கெண்டு ஒரு கூரை வந்தா மச்சான், அதுக்குக் கீழ உனக்கும் ஒரு படுக்கை இரிக்கும்." நான் கேட்டுச் சொன்னதல்ல. கழுத்தில் கத்தி இருந்ததால் சொன்னான் என்று பிறகு பகிடி பண்ணியிருக்கிறேன்.

அவன் ஒஸ்லோவுக்குப் போனான். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியைக் கட்டினான். பஸ் ஓட்டினான், ஹொல்ம்லியாவில் வரிசை வீடுகளில் ஒன்றை வாங்கினான், பிள்ளைகள் பிறந்தார்கள். நான் வடக்கிலேயே கிடந்தேன். பிறகு அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். தொலைபேசியில் சொன்னபோது அவன் யோசிக்கக்கூட இல்லை. "வா" என்றான். "வீட்டு வான் சும்மா நிக்குது. அது உன்ட இடம்."

வீட்டு வான் என்று எங்கள் ஆட்கள் சொல்வது, உள்ளே கட்டில், அடுப்பு, சின்னக் கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய பெரிய வண்டியை. கோடையில் நோர்வேக்காரர் குடும்பத்தோடு அதில் ஊர் சுற்றுவார்கள். அவனும் யாரோ ஒரு கிழவரிடமிருந்து பழையது ஒன்றை வாங்கிப் பிள்ளைகளோடு ஒரே ஒரு தரம் போய்வந்து, வீடுகளுக்குப் பின்னால் உள்ள தரிப்பிடத்தில் நிறுத்தி வைத்திருந்தான். நான் ஓகஸ்டில் போய்ச் சேர்ந்தேன். வீட்டுச் சுவரில் இருந்து வயர் இழுத்து மின்சாரம் தந்தான். சாப்பாடு வீட்டில், குளிப்பு வீட்டில், படுக்கை வானில். குளிர்காலம் முழுக்க இரு என்றான். பஸ் கராஜில் வண்டி கழுவும் வேலைக்கு என்னைப் பற்றிச் சொல்லியிருப்பதாகவும் சொன்னான்.

அவன் மனைவியை நான் தங்கச்சி என்றேன். அவள் என்னை அண்ணை என்றாள். நல்ல பெண். கறியில் தூள் குறைவாகப் போடுவாள், அது ஒன்றுதான் குறை.

ஓகஸ்டில் வானில் படுப்பது சுகமாகத்தான் இருந்தது. செப்டம்பரில் குளிர் இறங்கியதும் தொல்லை தொடங்கியது. கட்டில் வண்டியின் பின்பக்கத்தில் குறுக்காக இருந்தது. மெத்தை இரண்டு துண்டு. இரண்டும் சந்திக்கும் இடம் சரியாக என் இடுப்புக்குக் கீழே வந்து, இரவில் துண்டுகள் விலக, நான் நடுவில் இறங்கிப் பலகையில் கிடப்பேன். பெட்டி தூக்கித் தூக்கிப் பழுதான முதுகு. காலையில் கதவைப் பிடித்துத்தான் எழுந்து நிற்க வேண்டும். அதைக்கூடச் சமாளித்திருப்பேன். ஆனால் போர்வைக்குக் கீழே ஈரம். ஒவ்வொரு நாளும் முதுகுப் பக்கம் நனைந்த மாதிரி எழும்பினேன். முதலில் எனக்குக் காய்ச்சல் வியர்வை என்று நினைத்தேன். பிறகு கூரை ஒழுகுகிறது என்று நினைத்து, மழையில் ஏறிக் கூரையெல்லாம் தடவிப் பார்த்தேன். கூரையில் ஒன்றும் இல்லை.

என் கெடுகாலம், அந்தச் சமயம்தான் தங்கச்சியின் தம்பி ஸ்தவாங்கரில் இருந்து வந்து போனான். எண்ணெய்க் கம்பனி ஒன்றில் எஞ்சினியர். வீட்டில் இடம் போதாதென்று ஓர் இரவு அவனை வானில் படுக்கச் சொல்லி, என்னை வீட்டு சோபாவில் படுக்க வைத்தார்கள். விடியும் முன்னரே கதவைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டான்.

"அக்கா, உதுக்குள்ளை மனுசர் படுப்பினமே? குளத்துக்கை படுத்த மாதிரி இருக்கு."

"அண்ணை படுக்கிறார்தானே" என்றாள் தங்கச்சி.

அவன் என்னைப் பார்த்தான். நான் சோபாவில் எழுந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டேன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் சொன்னது உண்மை.

அன்றைக்கே மெத்தையைப் புரட்டிப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. மெத்தைத் துண்டுகள் இரண்டையும் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. மேலே துணி விரிப்பு இருந்ததால் நான் கவனிக்கவில்லை. அதைச் சுற்றியது தங்கச்சி. பழுதாகாமல் இருக்கட்டும் என்று.

இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த வீட்டில் சோபா வந்த நாள் தொட்டு அதன் பிளாஸ்டிக் உறையோடுதான் இருந்தது, உட்கார்ந்தால் சரசரக்கும். சாப்பாட்டு மேசைக் கதிரைகளும் அப்படித்தான். டீவி ரிமோட் ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தது. ஒஸ்லோவில் நான் போன எங்கள் ஆட்களின் வீடுகள் முக்கால்வாசியும் இப்படித்தான். பொருள் வீட்டுக்காரருக்கு இல்லை, இனி வரப்போகும் யாரோ ஒரு விருந்தாளிக்கு. அவர் வரும்வரை அது புதிதாக இருக்க வேண்டும். ஆனால் குளிர்நாட்டில், கீழே குளிர்ந்த பலகையும் மேலே சூடான உடம்புமாக இருக்கும்போது, நடுவில் பிளாஸ்டிக்கைப் போட்டால் உடம்பின் ஆவி போக வழியில்லாமல் அங்கேயே தண்ணீராக நிற்கும். டேப் விட்டிருந்த ஓட்டைகளால் உள்ளே போன நீர் வெளியே வராமல் நுரையை ஊற வைத்திருந்தது. கீழ்ப் பலகையில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதன் மேல்தான் நான் படுத்திருக்கிறேன். என் இருமலுக்கும் காரணம் தெரிந்தது.

மெத்தையை மாற்றுவோம் என்றேன். "மாத்து மச்சான், நீ படுக்கிற இடம்தானே. உன்ட முதுகுக்கு ஏத்த மாதிரிச் செய்" என்றான்.

நான் பழைய துண்டுகளைக் குப்பை அறையில் கொண்டுபோய்ப் போட்டேன். பலகையைக் கழுவி, உரஞ்சி, மின்சார ஹீட்டரை வைத்து நாள் கணக்கில் காய வைத்தேன். அதே குப்பை அறையில் யாரோ எறிந்திருந்த கட்டில் சட்டங்கள் கிடைத்தன, துணிப் பட்டியில் வரிசையாகக் கோத்த மெல்லிய பலகைகள். அவற்றை அளவுக்கு அறுத்துப் பலகைக்கு மேல் விரித்தேன். இனி மெத்தைக்குக் கீழே காற்று ஓடும். பிறகு நகரத்துக்குக் கிழக்கே, தொழிற்பேட்டைப் பக்கம், நுரை வெட்டி விற்கும் கடை ஒன்றைத் தேடிப் போனேன். கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்து, என்ன எடை, மல்லாந்து படுப்பாயா, பக்கவாட்டிலா, எங்கே நோகிறது என்று கேட்டான். அதுவரை எந்த நாட்டிலும் என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்விகள். அங்கே நின்று யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன். சுருட்டிக் கயிறு கட்டிய நுரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரயிலில் வந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கி இடம் தந்தார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. கழிப்பறைக் கதவு திறப்பதற்காகக் கட்டிலின் ஒரு மூலை சரிவாக வெட்டுப்பட்டிருந்தது. மெத்தையையும் அதே சரிவில் வெட்ட வேண்டும். ரொட்டிக் கத்தியால் வெட்டிப் பார்த்தால் நுரை பல் பல்லாகக் கிழிந்தது. நான் வானின் வாசலில் நின்று அதோடு மல்லுக்கட்டுவதை, நாயோடு உலாவ வந்த பக்கத்து வீட்டு நோர்வேஜியப் பெண் பார்த்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். தனியாக இருந்தாள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய் ஒரு மின்சாரக் கத்தியைக் கொண்டுவந்தாள். நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பண்டிகைக்கு, இறைச்சி வெட்ட அவளுடைய அம்மா கொடுத்ததாம். "இறைச்சிக்கு இது சரியில்லை, இதற்குச் சரியாக இருக்கும்" என்றாள். நுரை வாழைத்தண்டு மாதிரி வழுக்கிக்கொண்டு வெட்டுப்பட்டது. கத்தி உன்னிடமே இருக்கட்டும், நத்தாருக்கு முன்னர் தந்தால் போதும் என்று சொல்லிப் போனாள்.

உறை தைத்தது தங்கச்சி. இதையும் சொல்லத்தான் வேண்டும். தடித்த பருத்தித் துணியில், சரிந்த மூலைக்கும் அளவு எடுத்து, ஸிப் வைத்து, கடையில் வாங்கியது போலத் தைத்துத் தந்தாள். மெத்தையைப் போட்டு முடித்ததும் இருவரும் பார்க்க வந்தார்கள். அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தான்.

"அடேய், இது எங்கட கட்டிலவிட நல்லா இரிக்குடா. இஞ்ச வந்து பாரப்பா!"

தங்கச்சி கையால் அழுத்திப் பார்த்தாள். "நல்ல மெத்தை அண்ணை. வீட்டிலை சோபாவுக்கு வந்த பிளாஸ்டிக் மிச்சம் கிடக்கு. கொண்டு வரட்டே?"

"வேணாம் தங்கச்சி. அதாலதான் தண்ணி ஊறினது."

"மேலாலை மட்டும்?"

"மேலாலயும் வேணாம்."

அவள் மனமில்லாமல்தான் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு நான் படுத்த படுக்கையை என்னவென்று சொல்வது? ஒக்டோபர் முழுக்க, வெளியில் பனி விழ, உள்ளே நான் காய்ந்த முதுகோடு கிடந்தேன். எழும்போது எதையும் பிடிக்கத் தேவையில்லை. இருமல் போய்விட்டது. எனக்கு ஓர் இடம் வந்துவிட்டது என்று முதல் தரமாக நினைத்தேன். ஊர் சுற்றிகளுக்கு அப்படி நினைப்பு வரக் கூடாது. வந்தது.

கராஜில் இருந்து பதில் வராததால், ஒரு நாள் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டுப் பின்னேரம் வந்தேன். வான் கதவைத் திறந்ததும் கட்டிலில் ஏதோ மினுங்கியது. மெத்தைக்கு மேல் புதுப் பிளாஸ்டிக். ஓரங்களை உள்ளே மடித்து, அழகாக டேப் ஒட்டியிருந்தது. என் போர்வை மடிக்கப்பட்டு, என் பைக்கு மேலே, கதவுக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த வீட்டில் பிளாஸ்டிக் யாருக்காகப் போடப்படுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விளங்கவில்லை. தங்கச்சிக்கு ஆசை, அவள் கை சும்மா இருக்காது என்றுதான் நினைத்தேன். அதை உரிக்கவும் இல்லை. அவள் மனம் நோகும் என்று, அதன் மேலேயே போர்வையை விரித்துப் படுத்தேன். புரளும் போதெல்லாம் சரசரத்தது.

அடுத்த நாள் அவன் வந்து வானின் படியில் உட்கார்ந்தான். உள்ளே வரவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தான்.

"மச்சான், ஒரு பிரச்சினை. அந்த நாய்க்காரி, இந்த வீடுகளப் பாக்கிற நிர்வாகத்துக்கு எழுதிப்போட்டாள்."

"என்னெண்டு?"

"வானுக்குள்ள ஆள் குடியிருக்கு எண்டு. அதுக்கு இஞ்ச அனுமதியில்ல. எனக்குக் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. நான் என்ன செய்ய?"

"கத்தி தந்தவளா?"

"இவங்கள் அப்பிடித்தான். சிரிச்சுக் கதைப்பாங்க, மறுகா பின்னால எழுதுவாங்க. அவசரமில்ல மச்சான். ஆறுதலா ஒரு இடம் பாரு."

நான் நம்பினேன். முழுசாக நம்பினேன். அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது, தலையைக் குனிந்து படியில் இருந்த பனியைச் சப்பாத்தால் தட்டிக்கொண்டிருந்தான். கோபமெல்லாம் அந்தப் பெண் மேல்தான். அடுத்தடுத்த நாட்கள் அவள் "ஹை" என்று கையைத் தூக்கினபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். நாய் மட்டும் ஒன்றும் தெரியாமல் வாலை ஆட்டியது.

ஆனால் அவளுடைய கத்தி என்னிடம் இருந்தது. அவனுக்கு இன்னும் தொல்லை வேண்டாம் என்று நான் போகத் தீர்மானித்த நாள் அதைத் துடைத்து, வயரைச் சுற்றி, எடுத்துக்கொண்டு போய் மணியை அடித்தேன். என்னுடையது மீன் தொழிற்சாலை நொஸ்க். மீன், ஐஸ், பெட்டி, கெட்ட வார்த்தை, இவ்வளவும் சரளமாக வரும். மற்றதெல்லாம் தடக்கித் தடக்கித்தான்.

"கத்தி" என்றேன். "நான் போகிறேன். இனி நீங்கள் நிர்வாகத்துக்கு எழுத வேண்டியதில்லை."

"என்ன எழுத?"

"வண்டியில் ஆள் படுக்கிறான் என்று."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "நான் எழுதுவதென்றால் குப்பை அறை விளக்கைப் பற்றித்தான் எழுதுவேன். அது வருஷக் கணக்கில் எரியவில்லை. நீ எங்கே படுத்தால் எனக்கு என்ன?"

"என் நண்பன் சொன்னான்."

"உன் நண்பனா? போன கிழமை அவன் என்னிடம் வந்தான். மனைவியின் தம்பி ஒஸ்லோவுக்கு வேலைக்கு வருகிறான், குளிர்காலம் முழுக்க அந்த வண்டியில் இருப்பான், ஹீட்டர் சத்தம் எனக்கு இடைஞ்சலாக இருக்குமா என்று கேட்டான். இதுவரைக்கும் இருந்தவனால் ஒரு இடைஞ்சலும் இல்லை என்று சொன்னேன்." பிறகு கேட்டாள்: "அதனால்தான் எனக்கு ஹை சொல்லவில்லையா?"

நான் தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்க நொஸ்க் சொல் தெரியும். வாயில் வரவில்லை. அவள் கத்தியை வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் பொறு" என்று உள்ளே போனாள். நான் பொறுக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது மேசையில் எனக்குச் சாப்பாடு போட்டிருந்தார்கள். நான் போகிற நாள் என்பதால் இறால் கறி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நீச்சலுக்குப் போயிருந்தார்கள். அவன் கதிரையை இழுத்துப் போட்டான்.

"இரு மச்சான், சாப்பிடு."

நான் நின்றுகொண்டே சொன்னேன். "அந்தப் பொம்பளை ஒண்டும் எழுதல்லையாம்."

அவன் தண்ணீர்க் குவளையை நகர்த்தினான். குசினிக்குள் இருந்து தங்கச்சி சொன்னாள்: "அவை அப்பிடித்தான் அண்ணை. முகத்துக்கு நேரை ஒண்டும் சொல்லமாட்டினம்."

அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

"தம்பி எப்ப வாறார் தங்கச்சி?" என்று கேட்டேன்.

குசினியில் சத்தம் நின்றது. அவன்தான் எழுந்தான்.

"மச்சான், கேள். அவன் படிச்ச பொடியன். புது வேலை. அவனுக்குத் தனி இடம் வேணும் எண்டு இவ நிக்கிறா. முந்தி அவன் உதுக்குள்ள வரமாட்டன் எண்டவன். இப்ப மெத்தை நல்லா இரிக்கு எண்டு இவ போன்ல சொல்லிப்போட்டா..."

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுற? என்ட வீட்டில சோறு திண்ட உன்னப் பாத்து, போ எண்டு சொல்ல எனக்கு வாய் வருமா?"

"வாய் வரல்ல எண்டு அந்த மனுசிட வாய எடுத்தியா?"

அவன் முகத்தில் வெட்கம் இருந்தது. ஆனால் நான் அதுவரை கவனித்திராத இன்னொன்றும் இருந்தது. தான் சரியாகத்தான் நடந்தேன் என்கிற நம்பிக்கை. எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வந்தவனை வீட்டுக்காரன் போ என்று சொல்வதில்லை. அது பெரிய பாவம். அவன் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. போ என்று சொன்னது யாரோ ஒரு வெள்ளைக்காரி. அவன் கதிரை இழுத்துப் போட்டவன், இறால் வாங்கி வந்தவன். அவனுடைய கணக்கில் அவன் கை சுத்தம்.

உள்ளதைச் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். ஒரு சொல் மிச்சம் வைக்காமல், சந்தோசமாகவே போயிருப்பேன். கட்டிலை விடுவது எனக்குப் புதிதல்ல. சோப்பு நுரையோடு சொன்ன வார்த்தையை நான் ஒரு நாளும் கடனாக நினைத்ததில்லை. ஆனால் எனக்கு ஹை சொன்ன ஒரு மனுசியின் முகத்தைப் பார்க்காமல் என்னைத் திருப்பி வைத்தானே, அதுதான் தாங்கவில்லை. நனைந்த மெத்தையில் நான் கிடந்தவரைக்கும் அந்த இடம் என்னுடையது. காய வைத்துக் கொடுத்ததும் அதற்கு ஆள் வந்துவிட்டது.

நான் சாப்பிடவில்லை. இறால் கறியை விட்டு வந்தது எனக்கே ஆச்சரியம். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகுதான் அவன் காரை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தது.

ரயிலில் நகரத்துக்கு வந்து, அங்கிருந்து சுரங்க ரயில் பிடித்து ஸ்டோவ்னருக்குப் போனேன். வடக்கில் எங்களோடு வேலை செய்த திருகோணமலைக்காரர் ஒருவர் அங்கே உயரமான அடுக்குமாடி ஒன்றில் இருந்தார். பெரிய பழக்கமில்லை. கதவைத் திறந்து என் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு இரவுதான் தம்பி. நாளைக்கு மனிசியும் பிள்ளையளும் வந்திருவாங்க. அதுக்குப் பிறகு ஏலாது."

அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது. கும்பிடலாம் போலிருந்தது.

பாயை விரித்துத் தந்தார். பருப்பும் சோறும் சாப்பிட்டோம். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. வேலைக்கு வழி மட்டும் சொன்னார்.

"பஸ் கராஜில கழுவுற வேலை இரிக்கெண்டு கேள்விப்பட்டன். உன்ட கூட்டாளி அங்கதானே? அவன்ட பேரச் சொன்னா நாளைக்கே எடுப்பாங்க."

"அது வேணாம்."

"ஏன்?"

"அவன்ட பேரச் சொல்ல ஏலாது அண்ணன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு யோசித்தார். "அப்ப விடியக் கீழ சென்டருக்கு முன்னால போய் நில். நத்தார் மரம் வெட்டுற பண்ணைக்கு ஒரு வான் வரும். பேரும் கேக்கமாட்டாங்க, ஊரும் கேக்கமாட்டாங்க. படுக்கவும் கொட்டில் இரிக்கு, சீசன் முடியிற வரைக்கும். ஆனா குளிர் தம்பி."

விடியக் கடைகள் திறக்க முன்னரே சென்டருக்கு முன்னால் போய் நின்றேன். என்னைப் போல இன்னும் சிலர் கையை வாயில் ஊதிக்கொண்டு நின்றார்கள். வான் வந்தது. ஓட்டி வந்த போலந்துக்காரன் இறங்கி எங்களை ஒரு பார்வை பார்த்தான். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: கையுறை இருக்கிறதா? இல்லை என்றேன். முன் சீட்டுக்குக் கீழே இருந்து ஒரு சோடியை எடுத்து எறிந்தான். இரண்டும் இடக்கைக்கு உரியவை. போட்டுக்கொண்டேன்.

பண்ணை ஒரு சரிவில் இருந்தது. முன்னால் போனவர்கள் வெட்டிச் சரித்த மரங்களை இழுத்து வந்து, ஒரு இரும்புக் குழாயின் வாயில் அடிப்பக்கத்தை வைத்துத் தள்ள வேண்டும். மறுபக்கத்தில் ஒருவன் பிடித்து இழுப்பான். கிளைகள் மடங்கி, வலை சுற்றப்பட்டு, மரம் ஒல்லியாக வெளியே வரும். அதைத் தூக்கி வண்டியில் அடுக்க வேண்டும். மர ஊசிகள் கழுத்துக்குள்ளே போய்க் குத்தின. பிசின் ஒட்டி இரண்டு இடக்கையுறைகளும் விறைத்துப்போயின.

தேநீர் இடைவேளைக்கு முன்னர் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. அவன்தான்.

"மச்சான், எங்க நிக்கிறாய்? நேற்று சாப்பிடாமப் போயிட்டாய். இவ அழுதுகிட்டு இரிக்கிறா. கராஜில கதைச்சிட்டன், வாற திங்கள் வரச் சொல்றாங்க."

"நான் வேலையில நிக்கிறன்" என்றேன்.

"என்ன வேலை? ஆர் எடுத்துத் தந்த?"

"ஒருத்தரும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன். போலந்துக்காரன் குழாய்க்கு அந்தப் பக்கத்தில் இருந்து கையைத் தட்டினான். அடுத்த மரத்தின் அடியைப் பிடித்துத் தூக்கினேன். அது மற்றதைவிடப் பாரமாக இருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.